ரஷீத் நின்ற இடம்

நல்ல நேரம் யாருக்கு நல்லதுன்னு எந்தக் காலண்டர்லயும் போட மாட்டாங்க. ராகு காலம் போடுவாங்க, எமகண்டம் போடுவாங்க, சந்திராஷ்டமம் எந்த நட்சத்திரத்துக்குன்னு கூடப் போடுவாங்க. கம்பத்தடியில நிக்கிறவனுக்கு என்ன நேரம்னு மட்டும் ஒரு வரி இருக்காது. வேலம்பாளையம் வெள்ளியங்கிரிக்கு அந்த வரி தேவையும் படலை. பனியன் கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு மிஷினைக்கூட நேரம் பாக்காம ஓட்டுனவர் இல்லை அவர். ஊசி மாத்தறதுக்கு மட்டுந்தான் பாக்கறதில்லைன்னு கம்பெனிக்குள்ளேயே கிண்டல் பண்ணுவாங்க.

அது அவர் நம்பிக்கை, நமக்கென்ன? வெச்சுக்கட்டும். கேடு எங்க வந்துச்சுன்னா, ஓடைப் பள்ளத்துக்கு அக்கட்டால, அந்தக் கரையில புதுசாக் கட்டுன நிட்டிங் ஷெட்டுக்குக் கரண்டு விட்ட அன்னைக்கு வந்துச்சு.

பழைய கம்பெனியில சுவிட்ச் ரூம். அங்க இருந்து இருபத்திரண்டாயிரம் வோல்ட் கேபிள் மண்ணுக்கடியில ரோட்டோரமாவே போகும். பள்ளம் குறுக்க வர்ற இடத்துல மேலேறிக் கொஞ்ச தூரம் கம்பத்துல கம்பியாப் போகும். ஷெட்டு முன்னால ஒரு ரெட்டைக் கம்பத்துல போய் முடியும். அந்த ரெட்டைக் கம்பத்துலதான் ஏ.பி. சுவிட்ச். மேல பீங்கான்ல நிக்கிற மூணு கத்தி, கீழ ஒரு கைப்பிடி. கைப்பிடியை இழுத்துக் கத்தி மூடினாத்தான் கரண்டு ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் போகும்.

எலக்ட்ரீசியன் ரஷீத் அந்தக் கைப்பிடிக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தார். சுவிட்ச் ரூம்ல பூசை போட்டு, பிரேக்கர்ங்கற பெரிய சுவிட்சைப் போட்டு, கேபிளைச் சார்ஜ் பண்ணுவாங்க. அப்புறம் ஃபோன் வரும், இவர் கைப்பிடியை இழுக்கணும். ஃபோன் வரவே இல்லை. தலைக்கு மேல நெருப்புத்தான் வெடிச்சுது. வலது கை, தோள்பட்டை, முகத்துல பாதி வெந்துபோச்சு. அல்லா புண்ணியத்துல உசிரு மட்டும் மிஞ்சுச்சு.

அடுத்த நாளே வெள்ளியங்கிரி ரெட்டைக் கம்பத்துல இருந்த கருகுன சுவிட்சைக் கழட்டிப் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுட்டார். புதுசு மாட்டியாச்சு. அதுக்குப் பொறகுதான் ஈ.பி.காரங்க வந்து பிரேக்கருக்குச் சீல் வெச்சாங்க, மின் ஆய்வாளர் ஆபீஸ்ல இருந்து விசாரணைன்னு காகிதம் வந்துச்சு. வெள்ளியங்கிரி எழுதிக் கொடுத்த பதில் சுருக்கம்: "ரஷீத் ஏ.பி. சுவிட்சை முழுசாத் தொறக்காம, பாதி தொறந்து வெச்சிருந்தார். அதனால வெடிச்சுது. தப்பு அவரோடது."

அந்தப் பதில் நின்னுதுன்னா ரஷீத்தோட லைசென்ஸ் போயிரும். கை போனாலும் பரவால்ல, சூப்பர்வைசரா நின்னு நாலு பசங்களை வெச்சு வேலை வாங்கலாம். லைசென்சும் போயி, பேரும் போனா, திருப்பூர்ல எந்தக் கம்பெனி கேட்டுக்குள்ள விடும்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க!

விசாரணைக்கு ஒரு தொழில்நுட்ப ரிப்போர்ட் வேணும்னு ஆய்வாளர் மேடம் கம்பெனிகிட்டக் கேட்டிருந்தாங்க. வெள்ளியங்கிரிக்கு அதுல ஒரு கவலையும் இல்லை. அவரோட தங்கச்சி மருதாளுக்கு ஒரே மகள், பூங்குழலி. அவள் படிச்சதும் அதுதான், செய்யற சோலியும் அதுதான். கேபிள்லயும் லைன்லயும் கரண்டு திடீர்னு துள்ளுமே, அந்தத் துள்ளலைக் கம்ப்யூட்டர்ல மாடல் போட்டுப் பாக்கறது. கண்ணு சிமிட்டற நேரத்துக்குள்ள ஆயிரம் தடவ நடந்து முடிஞ்சுபோற சமாச்சாரத்தை, நிறுத்தி வெச்சு, பெருசு பண்ணிக் காட்டுவாள். சொந்தபந்தம், ஒறம்பரைக்காரங்க கேட்டா மருதாள் பெருமையாச் சொல்லுவாள்: "என்ற புள்ள கரண்டுக்கு ஸ்கேன் எடுக்குதுங்க."

"நம்ம புள்ளதான எழுதுது? நம்ம பக்கந்தான எழுதும்?"னு வெள்ளியங்கிரி ஊர் பூராச் சொல்லிட்டுத் திரிஞ்சார். பூங்குழலி காதுக்கும் அது வந்துச்சு. வந்ததும் பத்திக்கிட்டு எரிஞ்சுது.

அவள் முதல்ல போனது கோயமுத்தூர் ஆசுபத்திரிக்கு.

ரஷீத் கட்டுக்குள்ள இருந்து ஒத்தைக் கண்ணால பாத்தார். உதடு இழுத்துப் பிடிச்சிருந்ததால பேச்சு உடைஞ்சு உடைஞ்சு வந்துச்சு. "கத்தி முழுசாத் தொறந்துதான் இருந்துச்சுங்க மேடம். கீழ நின்னு ரெண்டு தடவ நிமிர்ந்து பாத்தேன். கைப்பிடியில கையே வைக்கலை. எனக்கு வெடிச்சது தெரியும், ஏன் வெடிச்சுதுன்னு தெரியலீங்க."

"சுவிட்ச் ரூம்ல என்ன நடந்துச்சுன்னு தெரியுங்களா அண்ணா?"

"அது இருக்கிறது ஒரு கோடி, நான் நின்னது ஒரு கோடி. கேபிள் சத்தம் போடுங்களா, எனக்குத் தெரியறதுக்கு?"

அவர் சம்சாரம் சைதுன்னிசா கட்டில் ஓரத்துல நின்னுட்டிருந்தாள். ஓவர்லாக் மிஷின்ல தைக்கிற கை, சும்மா இருக்க முடியாம முந்தானை ஓரத்தையே மடிச்சு மடிச்சுப் பிரிச்சுது. "நீங்க அவங்க ஊட்டுப் புள்ளைன்னு சொன்னாங்க"ன்னாள் மூஞ்சிக்கு நேரா. "அப்புறம் எதுக்குங்க எங்ககிட்டக் கேக்கறீங்க? எழுத வேண்டியதை எழுதிட்டுப் போங்க."

பூங்குழலிக்குச் சுருக்குன்னு தெச்சுது. ஆனா அந்தப் பொம்பளை கேட்டதுல ஒரு எழுத்துத் தப்பில்லை.

"நெசத்தைத்தான் எழுதுவேன். அது உங்களுக்குச் சாதகமா வருமா, மாமாவுக்குச் சாதகமா வருமான்னு எனக்கு இப்பத் தெரியாதுங்க"ன்னாள். சைதுன்னிசா அதை நம்புன மாதிரித் தெரியலை.

ஊட்டு முன்னறைதான் பூங்குழலிக்கு ஆபீஸ். மண்ணுக்கடியில போற கேபிளை, பள்ளத்துக்கு மேல போற கம்பியை, ரெட்டைக் கம்பத்தை எல்லாம் நடந்து போய் அளந்துட்டு வந்து மாடல்ல ஏத்தினாள். முதல்ல மாமா எழுதிக் கொடுத்ததையே போட்டாள். துள்ளலை வாங்கி மண்ணுக்கு அனுப்பற இடிதாங்கி கம்பத்துல மாட்டியிருந்துச்சு, பிரேக்கர் ஒரே தடவை போட்டாங்க. சுவிட்சை மட்டும் ரஷீத் சொன்னபடி முழுசாத் தொறந்து வெச்சாள். ஓட்டிப் பாத்தா ஒண்ணும் ஆகலை. வோல்டேஜ் கொஞ்சம் துள்ளுச்சு, அடங்கிருச்சு. பீங்கானைத் தாண்டிக் குதிக்கிற அளவுக்கு வரவே இல்லை.

அப்புறம் சுவிட்சைப் பாதி தொறந்து வெச்சு ஓட்டினாள். அதுலயும் இடிதாங்கி துள்ளலைப் பிடிச்சு அமுக்கிருச்சு.

ஆகா, மாமா சொன்னபடியே போட்டாக்கூட வெடிக்கலையே! அப்ப மாமா சொன்னதுல எதோ ஒண்ணு பொய்.

அவள் சும்மா விடற ஆள் இல்லை. கேபிள் டெஸ்ட் பண்ணிக் கொடுத்த ஈரோட்டுக்காரங்களுக்கு ஃபோன் போட்டாள். அந்தாள் சாதாரணமாச் சொன்னார்: "டெஸ்ட் பண்றப்ப இடிதாங்கியை லைனோட சேர்க்கற ஜம்பர் கம்பியைக் கழட்டித்தானுங்க ஆகணும். கழட்டினோம். மறுபடி மாட்டறதுக்குக் கொஞ்சம் டைம் கேட்டோமுங்க. நல்ல நேரம் முடியுது, நாளைக்கு வந்து மாட்டிக்கங்கன்னு அனுப்பிட்டாங்க."

அப்படியா சங்கதி! ஜம்பர் இல்லாத இடிதாங்கி, கம்பத்துல மாட்டுன அலங்காரப் பொருள். அதை மாடல்ல இருந்து எடுத்துட்டு மறுபடி ஓட்டினாள். இப்ப ரெண்டு வழி தொறந்துச்சு. சுவிட்ச் பாதி தொறந்திருந்தா, ஒரு தடவை போட்டாலே நெருப்பு பீங்கானைத் தாண்டித் தாவிரும். சுவிட்ச் முழுசாத் தொறந்திருந்தா, ஒரு தடவை போட்டாத் தாவாது. ஆனா போட்டு, எடுத்து, உடனே ரெண்டாந்தடவை போட்டா?

திரையில கோடு எகிறுன எகிறுக்கு அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டாள்.

மருதாள் டீ எடுத்துட்டு வந்தவள், "என்ன கண்ணு, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"ன்னாள்.

"அம்மா, இதைப் பாரு. சாட்டை சொடுக்கறதைப் பாத்திருக்கீல்ல? தடிச்ச பக்கம் கையில இருக்கும், மெல்லிசுப் பக்கம் நுனியில இருக்கும். கையில லேசாச் சொடுக்கினாக்கூட நுனியில படீர்ங்கும். கேபிள் தடிச்ச பக்கம். பள்ளத்து மேல போற கம்பி மெல்லிசு. ரஷீத் அண்ணன் நின்னது நுனியில."

"ம்."

"ஒரு தடவை சொடுக்கினா அந்தப் பீங்கான் தாங்கும். ஆனா கேபிள் இருக்குதே, அதை ஆஃப் பண்ணாலும் உள்ள இருக்கிற சார்ஜ் போகாது. பிரேக்கர் எடுத்த பொறகும் அப்படியே நிக்கும். எர்த் ராடு வெச்சு வடிச்சு விட்டாத்தான் போகும். வடிக்காம உடனே மறுபடி போட்டா, பழசு ஒரு பக்கம் இழுக்கும், புதுசு எதிர்ப்பக்கம் இழுக்கும். சொடுக்கு ரெண்டு மடங்கு. அக்கம்பக்கத்துப் பாய்லர் கரியும் பஞ்சுத் தூசியும் படிஞ்ச பீங்கான் அதைத் தாங்காது. கத்தி எவ்வளவு தொறந்திருந்தாலும் பீங்கான் மேலயே ஊர்ந்து வந்து வெடிக்கும்." மூச்சு விட்டாள். "அன்னைக்கு நீதான கற்பூரம் காட்டின? எத்தனை தடவை போட்டாங்கம்மா?"

மருதாள் டம்ளர்ல இருந்த ஆடையை விரலால ஒதுக்கினாள்.

"ஒரே தடவைதான்"ன்னாள்.

"நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு."

"எனக்கென்ன கண்ணு தெரியும் அதெல்லாம்? மாமா ஒரே தடவைன்னு சொன்னா ஒரே தடவைதான்." டீயை வெச்சுட்டு உள்ள போனவள், சமையக்கட்டுல இல்லாத பாத்திரத்தைக் கழுவ ஆரம்பிச்சாள். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களுக்குப் பாத்திரச் சத்தம் கொஞ்சம் கூடத்தான் வேணும்.

பிரேக்கர் போட்ட ஆபரேட்டர் சசிகுமாரைக் கேட்டாள். அவனும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "ஒரே தடவைதானுங்க"ன்னான். பூசைக்கு வந்த ஒறம்பரை சனமெல்லாம் ஒரே தடவைதானாம். பிரேக்கரைக் காவல் காக்கற ரிலே பழைய காலத்துது, அதுல எதுவும் பதிவாகாது. இத்தனை பேர் வாயில ஒரே வார்த்தை, ஒரே மாதிரி! ஒறம்பரைக்காரங்க கல்யாணப் பந்தியில கூட ரசம் நல்லாருந்துச்சான்னு கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க.

விசாரணைக்கு முந்துன நாள் சாயங்காலம் வெள்ளியங்கிரி ஊட்டுக்கே வந்தார். ஊத்துக்குளி நெய் ஒரு டப்பா, பழம், பூ. சொந்தத் தங்கச்சி ஊட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தாப்புல.

"அம்மிணி, ரிப்போர்ட் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க மாமா."

"என்ன எழுதியிருக்கற?"

ரெண்டு வழியையும் எழுதியிருக்கேன்னு சொன்னாள். இடிதாங்கி ஜம்பர் இல்லாததையும் எழுதியிருக்கேன்னாள். ரெண்டாந்தடவை போட்டிருந்தா ரஷீத் மேல தப்பே இல்லைன்னு எழுதியிருக்கேன்னாள்.

வெள்ளியங்கிரி சிரிச்சார். கோபத்தை அடக்கிக்கிட்டு சிரிக்கிற சிரிப்பு. "ஜம்பரு கெடக்குது. அது டெஸ்ட் பண்ணுனவன் மறந்துட்டான்னு நான் சொல்லிக்கறேன். ரெண்டாந்தடவைங்கறதை எடுத்துரு. கம்ப்யூட்டர்ல நீ என்ன போடறயோ அதுதான கண்ணு வரும்? ஒரு தடவைன்னே போட்டுக்க."

"நெசந்தானுங்க மாமா. நான் என்ன போடறனோ அதுதான் வரும். அதனாலதான் நீங்க சொல்றதையே போட மாட்டேங்கறேன்."

"ஏம்புள்ளே, ஜெர்மன்ல இருந்து வந்த மிஷின் அத்தனையும் தூசி படிஞ்சு நிக்குது. ஆர்டர் கையை விட்டுப் போயிரும். நாளைக்கு விசாரணை முடிஞ்சாத்தான் மிஷின் ஓடும். இவன் பேர்ல தப்புன்னா அவனுக்கு என்ன குறைஞ்சு போச்சு? நான் அவன் ஊட்டைப் பாத்துக்க மாட்டனா?"

"பேர் குறைஞ்சு போயிருமுங்க."

"எலக்ட்ரீசியனுக்கு என்ன பேரு!"

அந்த வார்த்தை பூங்குழலிக்கு உச்சந்தலையில ஏறுச்சு.  "அப்ப உங்களுக்கு மட்டும் என்னங்க பேரு? ரெண்டாந்தடவை போடுன்னு சொன்னது நான்தான்னு சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிரும்?"

"யாரு சொன்னா நான் சொன்னேன்னு?" வெள்ளியங்கிரி எந்திரிச்சுட்டார். "என்ற மடியில உக்கார வெச்சுத்தான் உனக்குக் காது குத்துனாங்க. நாளைக்கு உனக்குச் சீர் கொண்டாந்து நிக்கப் போறவனும் நாந்தான். அந்த மாமனையே கூட்டத்துல நிறுத்திக் கேள்வி கேப்பயா?"

"கேப்பேனுங்க"ன்னாள் பூங்குழலி. "மடியில உக்கார வெச்சதுக்காகக் காதைக் குடுத்தேன். நாக்கைக் குடுக்கலை."

மருதாள் கதவுகிட்ட நின்னு, "அடியே, மாமாகிட்டப் பேசற பேச்சா இது?"ன்னு கத்தினாள். வெள்ளியங்கிரி நெய் டப்பாவைக்கூட எடுக்காம வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போயிட்டார். 

விசாரணை ஷெட்டு முன்னாலயே நடந்துச்சு. காலை வெயில், ரெட்டைக் கம்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி வேப்பமர நிழல்ல பிளாஸ்டிக் சேர். ஆய்வாளர் மேடம் நடுவுல. கண்டிப்பான பொம்பளை, யாரையும் இடையில பேச விடலை. வெள்ளியங்கிரி பேசினார், சசிகுமார் பேசினான். ரஷீத்துக்குப் பதிலா வந்திருந்த சைதுன்னிசா, "எங்க ஊட்டுக்காரர் கத்தி தொறந்திருந்துச்சுன்னு சொல்றாருங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுக்கிட்டாள். மருதாள் சாட்சிக்கு வந்திருந்தாள். "ஒரே தடவைதானுங்க மேடம்"னு சொல்லிட்டுக் கீழ பாத்தாள்.

பூங்குழலி லேப்டாப்பைத் திருப்பி வெச்சு ரெண்டு வழியையும் காட்டினாள். மேடம் கவனமாக் கேட்டாங்க. நல்ல கேள்வியாத்தான் கேட்டாங்க. அப்புறம் பேனாவை மூடிட்டுச் சொன்னாங்க: "உங்க கணக்கு சரியாவே இருக்கட்டும்மா. ஆனா ரெண்டாவது தடவை போட்டதுக்கு எனக்குச் சாட்சி வேணும். இங்க ஒருத்தர்கூட அப்படிச் சொல்லலையே. ஒரு தடவைதான்னா, உங்க மாடல்படியே சுவிட்ச் பாதிதான் தொறந்திருந்திருக்கணும். தப்பு ரஷீத் பேர்லதான் வரும்."

"அப்படிச் சொல்லுங்க மேடம்!"னார் வெள்ளியங்கிரி. "எங்க புள்ளதான், தங்கமான புள்ள. படிப்பு ஜாஸ்தி, அதான் கம்ப்யூட்டர்ல பொம்மை போட்டு விளையாடுது. சுவிட்சு தொறந்திருந்தா எதுக்குங்க வெடிக்குது? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே."

சேருகளுக்குப் பின்னால நின்னவங்க சிரிச்சாங்க. சைதுன்னிசா சிரிச்சவங்களை ஒவ்வொருத்தராத் திரும்பிப் பாத்தாள்.

பூங்குழலி எந்திரிச்சாள்.  ஆத்திரத்துல லேப்டாப்பைப் படார்னு மூடினாள்.

"சரிங்க மாமா. சுவிட்சு தொறந்திருந்தா வெடிக்காது. அதான நீங்க சொல்றது?"

"அதேதான்."

"அப்ப வாங்க. அதா இருக்குது கம்பம். கத்தியை முழுசாத் தொறந்து வெக்கலாம், நீங்களே நிமிர்ந்து பாத்துக்கங்க. இடிதாங்கி ஜம்பரைக் கழட்டிரலாம், அன்னைக்கு இருந்த மாதிரி. ரஷீத் அண்ணன் நின்ன எடத்துல நீங்க நில்லுங்க. பிரேக்கரைப் போடட்டும், எடுக்கட்டும், உடனே ரெண்டாந்தடவை போடட்டும். உங்க பேச்சு நெசம்னா உங்க மேல ஒரு பொறி விழாது. நான் ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு உங்க கால்ல விழுந்துட்டுப் போறேன்."

"என்னம்மா பேசறீங்க?"ன்னு மேடம் அதட்டினாங்க. "இதுக்கெல்லாம் நான் அனுமதி கொடுக்க முடியாது."

"நீங்க அனுமதி கொடுக்க வேண்டாங்க மேடம். மாமா நிக்கறாரான்னு மட்டும் பாருங்க. பொம்மைதான நான் போட்டது? பொம்மைக்கு யாராவது பயப்படுவாங்களா?"

 எல்லாரும் வெள்ளியங்கிரியையே பாத்தாங்க. அவர் வீம்புக்குப் பொறந்த மனுசன். அதோட, பிரேக்கருக்குச் சீல் வெச்சிருக்குன்னு அவருக்குத் தெரியும், பூங்குழலிக்குத் தெரியும், மேடத்துக்குத் தெரியும். கரண்டு வரவே வராத கம்பத்தடியில நிக்கறதுக்கு என்ன தைரியம் வேண்டிக் கெடக்குது? என்ற தங்கச்சி மகளும் என்னைப் பயமுறுத்தறாளாக்கும்னு நெனைச்சவர் மாதிரி, தோள்ல கெடந்த துண்டை உதறிப் போட்டுக்கிட்டு நடந்தார். ரெட்டைக் கம்பத்துக்குக் கீழ, தரையில கரி இன்னும் போகாம இருந்த இடத்துல போய் நெஞ்சை நிமித்தி நின்னார்.

"நின்னுட்டேன். பாத்துக்கங்க எல்லாரும்." குரலை ஏத்தினார். "டேய் சசி! போய்ப் போடு, எடு, மறுபடி போடு! ஒரு தடவை என்ன, பத்துத் தடவை போடு! வெள்ளியங்கிரி இங்கதான் நிப்பான்!"

சசிகுமாருக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. முதலாளி சொன்னாப் போய்ப் பழகுன காலு, தன்னால பைக் பக்கம் ரெண்டு எட்டு வெச்சுது. சாவியைக்கூட எடுத்துட்டான்.

மருதாளுக்குச் சீல் விசயம் யாரும் சொல்லலை.

"ஐயோ அண்ணா!"

பூங்குழலி திரும்பறதுக்குள்ள மருதாள் சேரைத் தள்ளிட்டு ஓடினாள். செருப்பு ஒண்ணு அங்கயே கழண்டு கெடந்துச்சு. போய் வெள்ளியங்கிரி கையைப் பிடிச்சு இழுத்தாள். "இக்கட்டால வாங்கண்ணா! வேண்டாங்கண்ணா! ரெண்டாந்தடவை போட்டாத்தானுங்க அன்னைக்கு வெடிச்சுது! டேய் சசி, போகாதடா! உனக்குப் புண்ணியமாப் போகுது, போடாதடா!"

"ஏய், வாயை மூடு மருதாளு!"

"எப்படீங்கண்ணா மூடறது? நான் பக்கத்துலதான நின்னேன்? முதல்ல போட்டதும் பிரேக்கர் டப்புனு விழுந்துருச்சு. சசி, இருங்க முதலாளி, ஏன் விழுந்துச்சுன்னு பாத்துக்கலாம்னு சொன்னான். நேரம் முடியப் போகுது, போடுடான்னு நீங்கதானுங்கண்ணா சத்தம் போட்டீங்க! என்ற கையில கற்பூரம் அணையக்கூட இல்லை. அப்புறந்தான இங்க வெடிச்சுதுன்னு ஃபோன் வந்துச்சு! வந்துருங்கண்ணா, உங்களுக்கு எதாச்சும் ஆச்சுன்னா நான் என்னண்ணா பண்ணுவேன்!"

வெள்ளியங்கிரி கையை உதறிக்கிட்டார். அதுக்கு மேல உதறி என்ன பிரயோசனம்? சொல்ல வேண்டியதெல்லாம் அத்தனை பேர் காதுலயும் விழுந்தாச்சு. பின்னால சிரிச்ச ஒறம்பரை சனத்துல ஒருத்தர்கூட இப்ப நிமிர்ந்து பாக்கலை.

ஆய்வாளர் மேடம் மூடுன பேனாவைத் தொறந்தாங்க. "சசிகுமார், இங்க வாங்க. எத்தனை தடவை?"

அவன் பைக் சாவியைக் கையில வெச்சுக்கிட்டே வந்து நின்னான். ஒரு தடவை முதலாளியைப் பாத்தான். அப்புறம் சைதுன்னிசாவைப் பாத்தான். "ரெண்டு தடவைங்க மேடம்"னு சொன்னான். "எர்த் பண்ணலீங்க. பண்ண விடலீங்க."

மேடம் எழுதினாங்க. அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. மருதாளைக் கூப்பிட்டு அவளுக்கும் பேனாவைக் கொடுத்தாங்க. அவள் கையெழுத்துப் போட்டுட்டு, முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு, யாரும் கேக்காமலே சொன்னாள்: "எங்கண்ணன் அந்த எடத்துல நிக்கறதைப் பாத்ததும் மனசு தாங்கலீங்க மேடம்."

சைதுன்னிசா அதுவரைக்கும் சேரை விட்டு எந்திரிக்கலை. இப்ப எந்திரிச்சு வந்து மருதாளுக்கு முன்னால நின்னாள். சத்தம் போடலை. பக்கத்துல நின்னவங்களுக்கு மட்டும் கேக்கற குரல்தான்.

"உங்க அண்ணன் சும்மா நின்னதுக்கே உங்களுக்கு ஒரு நிமிசம் தாங்கலீங்கம்மா. எங்க ஊட்டுக்காரர் வெந்துபோய்க் கெடந்து, பொய்யன்னு பேரும் வாங்கிட்டு இத்தனை நாள் படுத்திருந்தாரே. அது மட்டும் எப்படீங்கம்மா தாங்குச்சு உங்களுக்கு?"

மருதாள் மகளைத் திரும்பிப் பாத்தாள், எதாச்சும் சொல்லுடிங்கற மாதிரி. பூங்குழலி அம்மாவுக்காக ஒரு வார்த்தை பேசலை.